மாதிரிக்கும் கூலி உண்டு

அன்புள்ள ஆச்சிக்கு,

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கிறேன். சேலை, நகை, கட்டும் விதம், எதற்கு எது பொருந்தும் என்று வாரம் ஒரு கட்டுரை வெளியிட ஆசை. எனக்கு எழுத வராது. ஃப்ரீலான்ஸாக எழுதித்தர ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்தேன். பதினோரு பேர் வந்தார்கள். ஆளுக்கு இரண்டு மாதிரிக் கட்டுரை அனுப்பச் சொன்னேன். ஒருவரை எடுத்துக்கொண்டு, மற்றவர்களுடையதில் நன்றாக இருப்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். வந்ததில் இரண்டை இணைத்திருக்கிறேன். முதலாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபேஷன் படித்தவராகப் பார்க்க வேண்டுமா? சொல்லுக்கு இவ்வளவு என்று பேசலாமா? ஏஐ வைத்து எழுதியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? எழுதியவர் பெயரைப் போடத்தான் வேண்டுமா?

மீ.

அன்புள்ள மீ.,

ஆச்சி என்று கூப்பிட்டுவிட்டாய். நானும் நீ என்றே எழுதுகிறேன். சேலை விற்கிற ஒரு பெண், எழுத்துக்கென்று தனியாக ஆள் வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நினைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். போட்டோ எடுப்பவருக்குக் கொடுப்பார்கள், கட்டிக்கொண்டு நிற்கிற மாடலுக்குக் கொடுப்பார்கள், எழுதுகிறவரிடம் வரும்போது மட்டும் 'நாலு வரிதானே' என்பார்கள். நீ அப்படி இல்லை. அதனால்தான் அந்த மாதிரிக் கட்டுரை விஷயத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

பதினோரு பேர், ஆளுக்கு இரண்டு. இருபத்திரண்டு கட்டுரை. வாரம் ஒன்று என்றால் ஐந்து மாதத்துக்கு உனக்குச் சரக்கு, பைசா செலவில்லாமல். நீ திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று தெரியும். எல்லோரும் கேட்கிறார்கள், நீயும் கேட்டிருக்கிறாய். ஆனால் உன் தறிக்காரரிடம் போய், 'இரண்டு சேலை நெய்து கொடுங்கள், பிடித்தால் ஆர்டர் தருகிறேன், பிடிக்காவிட்டாலும் சேலை என்னிடமே இருக்கட்டும்' என்று சொல்வாயா? வாய் வராது. பாவுக்கும் ஊடைக்கும் கூலிக்கும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறவள் நீ. எழுதுகிறவளும் உட்கார்ந்துதான் எழுதுகிறாள். அவளுக்கும் முதுகு வலிக்கிறது.

சட்டமும் உன் பக்கம் இல்லை. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் அந்த வேலைக்காக எழுதியது, வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாத வரைக்கும், முதலாளிக்குச் சேரும். வெளியிலிருந்து எழுதித் தருகிறவரின் எழுத்து அவருடையதுதான். அதை உன் பேருக்கு மாற்ற வேண்டுமானால் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்வார்கள். எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சேலை அனுப்புகிறாய் என்றால் இதை மறக்காதே. உரிமையை விற்ற பிறகும் 'எழுதியது நான்' என்று சொல்லிக்கொள்கிற உரிமை அவரிடமே இருக்கும். ஆக, வேண்டாம் என்று அனுப்பிவிட்ட பத்துப் பேரின் கட்டுரையில் ஒரு வரியைக்கூட நீ தொடக்கூடாது. பெயர் போடுவதா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. போடு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எழுத ஆரம்பித்த புதிதில், ஒரு ஜவுளிக்கடையில் தீபாவளி விளம்பரத்துக்கு மாதிரி கேட்டார்கள். தூங்காமல் எழுதிக் கொடுத்தேன். 'எங்களுக்கு ஒத்துவராதும்மா' என்றார்கள். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, பள்ளத்தூர் பஸ்ஸில் எதிர் சீட்டில் ஒரு அம்மா மடியில் அந்தக் கடைப் பை. அதில் என் வரி: 'நாலு தண்ணி பார்த்த பிறகுதான் பருத்தி நம் உடம்புக்குப் பழகும்.' எங்கள் அப்பத்தா சொல்லிக் கேட்டது அது, கடைக்காரருக்கு எங்கிருந்து வரும்? அந்த அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. என்னவென்று சொல்வது? பணம் போனதுகூட ஆறிவிட்டது. 'ஒத்துவராது' என்றதை நம்பி வெகுநாள் எழுதாமலே இருந்தேனே, அது இன்னும் ஆறவில்லை. உன்னிடம் வந்த பதினோரு பேரில் யாருக்கும் அது நடக்கக் கூடாது.

சரி, உனக்குப் பிடித்த முதல் கட்டுரை. 'தமிழ்ப் பெண்மையின் நளினத்தைப் பறைசாற்றும், காலத்தை வென்ற கண்டாங்கி' என்று தொடங்குகிறது. அதில் கண்டாங்கியை எடுத்துவிட்டுச் சுங்குடி என்று போடு. காஞ்சிபுரம் பட்டு என்று போடு. ஒன்றும் மாறவில்லை, பார்த்தாயா? அப்படியானால் அது கண்டாங்கியைப் பற்றிய வரியே இல்லை. எழுதியது மனிதரா ஏஐயா என்று நீ துப்பறிய வேண்டாம், யார் எழுதியிருந்தாலும் அது உனக்கு உதவாது. ஃபேஷன் படிப்பு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை.

துணியைப் பற்றி எழுத நம் பக்கத்தில் ஒரு பழைய வழி இருக்கிறது. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானுக்கெல்லாம் சிட்டை எழுதுவார்கள். அப்பத்தாவின் பெட்டகத்தில் அப்படி ஒன்று இருந்தது. பித்தளையும் வெள்ளியும் முடிந்து சேலைக்கு வரும் இடத்தில், 'அரக்குக் கட்டம், கறுப்புக் கரை, முந்தியில் ஓரிழை விட்டது' என்று இருக்கும். அழகான, நேர்த்தியான என்று ஒரு சொல் கிடையாது. ஆனாலும் சேலை கண்முன்னால் வந்து நிற்கும். விட்டுப்போன இழையை மறைக்காமல் எழுதியவர் மற்றதையும் சரியாகத்தான் எழுதியிருப்பார் என்று தோன்றும். முகம் தெரியாதவர்களுக்குச் சேலை விற்கிற உனக்கு அந்த நம்பிக்கைதானே வேண்டும்? கண்டாங்கி முதலில் முரடாகத்தான் இருக்கும் என்று எழுதச் சொல். பழைய சேலை அகலம் குறைவுதான், கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும் என்று எழுதச் சொல். கண்டாங்கி நெய்கிற தேவாங்கர் சமூகத்தாரின் தறியில் மஞ்சளும் அரக்கும் கறுப்பும் எப்படிச் சேர்கின்றன என்று பக்கத்தில் நின்று பார்த்து எழுதச் சொல். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த செய்திக்கு ஒரு வரி போதும்.

இரண்டாவது கட்டுரையை நீ சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். தேவகோட்டைப் பெண் எழுதியது. ஒற்றுப்பிழை நிறைய, முடிக்கவும் தெரியவில்லை. ஆனால் நடுவில் பின்கொசுவம் பற்றி ஒரு பத்தி வருகிறதே! கொசுவம் பின்னால் இருப்பதால் பாட்டியான ஆயா குனிந்து வளவு என்கிற வீட்டு முற்றத்தைக் கூட்டும்போது துணி காலில் சிக்காது, ஒரு கையால் அள்ளிச் சொருகிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போவார் என்று எழுதியிருக்கிறாள். கண்ணால் பார்த்தவளுக்கு மட்டும்தான் அது எழுத வரும். ஒற்றுப்பிழையைத் திருத்த ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இப்படிப் பார்க்க யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது.

சொல்லுக்கு இவ்வளவு என்று பேசாதே. அது ஆங்கிலத்துக்கு வைத்த கணக்கு. 'கட்டிக்கொண்டிருந்தவளுக்கு' என்பது தமிழில் ஒரே சொல். சொல்லுக்குக் காசு என்றால் இறுக்கமாக எழுதுகிறவருக்கு நஷ்டம், வளவளவென்று எழுதுகிறவருக்கு லாபம். கட்டுரைக்கு இவ்வளவு, திருத்தம் எத்தனை தடவை, எந்தத் தேதியில் பணம் என்று பேசி எழுதிக்கொள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பதினோரு பேருக்கும் அவர்கள் அனுப்பிய மாதிரிக்கு, ஒரு கட்டுரைக்குத் தர நினைத்திருக்கும் தொகையில் பாதியையாவது அனுப்பு. எடுக்காதவர்களுக்கு, உங்கள் கட்டுரையைப் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதிக் கொடு. அப்புறம் தேவகோட்டைக்குப் போன் செய். ஒரு நாள் காலையில் அந்தப் பெண்ணைத் தறி இருக்கும் வீட்டுக்குக் கூட்டிப்போய் மத்தியானம் வரைக்கும் உட்கார வை. பஸ் காசும் சாப்பாடும் உன் கணக்கு.