அரைமணி நேர அழுகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மானியக் கலைஞர் கிறிஸ்டியன் யாங்கோவ்ஸ்கியின் ‘மானுடத்தின் அணிவகுப்புக்காக அழுதல்’ (2012) என்ற காணொளிப் படைப்பை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். மெக்சிகோ தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் அத்தியாயத்தை அதன் நடிகர்களைக் கொண்டே எடுத்து, வசனம் முழுவதையும் நீக்கி, அந்த இடங்களில் அவர்களை அழ மட்டுமே வைத்திருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டில் ஓடும் மட்டமான அழுகைத் தொடர்களைச் சகிக்க முடியாதவன் நான். இது கலையா, வெறும் கேலியா? காலத்தில் நிற்குமா?

ர.

அன்புள்ள ர.,

நிற்குமா என்பதைக் காலம் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்திய சொல் ‘மட்டமான’ என்பது. சில மாதங்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். எந்தத் தொடரை எத்தனை நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு இப்படித் தீர்ப்புச் சொல்கிறீர்கள்? அடுத்த அறையிலிருந்து காதில் விழுந்ததை வைத்துச் சொல்கிறீர்கள் என்றால், அதற்குப் பெயர் ரசனை அல்ல, திமிர்.

தொடர்களிலிருந்து நல்ல கலையை எடுத்தவர்கள் அடுத்த அறையில் நின்றவர்கள் அல்லர். அமெரிக்கக் கலைஞர் கேலப் லின்ஸி பாட்டியோடு அமர்ந்து தொடர் பார்த்து வளர்ந்தவர். தன் காணொளிகளில் ஆணும் பெண்ணுமாகப் பல பாத்திரங்களைத் தானே ஏற்றுக் குரலும் கொடுக்கிறார். இன்னொரு அமெரிக்கக் கலைஞரான மெல் சின் தொடங்கிய ‘காலா கமிட்டி’ என்ற கலைஞர் குழு, 1995 முதல் 1997 வரை ‘மெல்ரோஸ் பிளேஸ்’ தொடரின் படப்பிடிப்பு அரங்குக்குள்ளேயே, தயாரிப்பாளர்களின் இசைவோடு தன் படைப்புகளை வைத்தது. அத்தொடரில் கருவுற்ற ஒரு பெண் வைத்திருக்கும் ஒட்டுத்துணிப் போர்வையில் தெரியும் கோலம், கருக்கலைப்பு மருந்தொன்றின் வேதியியல் அமைப்பு. வசனம் பேசத் தயங்கியதைப் போர்வை பேசியது.

யாங்கோவ்ஸ்கி அந்த வசனத்தையே எடுத்துவிட்டார். பிறகும் யார் கெஞ்சுகிறார், யார் மிரட்டுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்ததா இல்லையா? தெரிந்திருக்கும். ஏனென்றால் தொடர்களில் கதை நடந்து, அதன் விளைவாக அழுகை வருவதில்லை. அழுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே கதை கட்டப்படுகிறது. பேச்சு முடிந்த பின்னும் கேமரா முகத்தைவிட்டு நகராமல் நிற்பதும், ஒரே துயரம் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருவதும் எழுதத் தெரியாதவர்களின் பிழைகள் அல்ல, பார்ப்பவர் தன் துயரத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கான அவகாசம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: திரையில் அழுபவருக்காக எவரும் அழுவதில்லை.

அந்தத் தலைப்பையாவது கவனித்தீர்களா? மெக்சிகோ நகரத்தில் அந்நாட்டு ஓவியர் சிகெய்ரோஸ் தீட்டிய ‘மானுடத்தின் அணிவகுப்பு’ என்ற மாபெரும் சுவரோவியத்தின் பெயர் அதற்குள் இருக்கிறது. கேலி செய்ய வந்தவருக்கு அந்தப் பெயர் எதற்கு?

ஆனால் சிரித்ததற்காக உங்களை மேலும் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழவில்லை. அப்பா இறந்த ஆண்டில் அம்மா எங்கள் முன்னால் ஒருமுறைகூட அழவில்லை. மாலையில் அரைமணி நேரம் ஒரு தொடர் பார்ப்பார். ஒருநாள் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர், தலைப்புப் பாடல் தொடங்கியதும் ஊசியைப் பாதித் துணியில் அப்படியே விட்டார். கண்ணீர் வழிந்து கழுத்துவரை இறங்கியது. திரையில் அதுவரை யாருக்கும் எதுவும் நேர்ந்திருக்கவில்லை. எனக்கு 19 வயது. “இதுக்குப் போய் அழறியேம்மா” என்று சிரித்தேன். அம்மா ஒலியைக் குறைத்தார். மறுநாளிலிருந்து நான் வீட்டில் இருக்கும்போது அவர் தொலைக்காட்சியைப் போடவே இல்லை.