விலாங்குகள் ஏங்கினவா?

ஐயா, வணக்கம். பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். கொரோனா காலத்தில் ஜப்பானில் ஒரு மீன் காட்சியகம் தன் விலாங்குகளுக்கு வீடியோ அழைப்பு செய்யும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது என்றும், மனிதர்களைக் காணாமல் அவை ஏங்கிப்போயின என்றும் என் மாணவி ஒருத்தி கட்டுரை எழுதியிருக்கிறாள். இது உண்மையா? அவை எங்கே வாழ்பவை?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள ஆசிரியைக்கு,

அழைப்பு உண்மை, ஏக்கம் நாம் சேர்த்தது.

டோக்கியோவின் சுமிதா மீன் காட்சியகம் 2020 மார்ச் மாதம் மூடப்பட்டது. அங்கே சுமார் 300 புள்ளித் தோட்ட விலாங்குகள் இருந்தன. பார்வையாளர் வருகை நின்ற பிறகு, பராமரிப்பவர்கள் தொட்டியைக் கடந்தாலே அவை மணலுக்குள் மறையத் தொடங்கின. வெளியே வராத மீனுக்கு நோய் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதனால் மே 3 முதல் 5 வரை தொட்டியின் எதிரே ஐந்து டேப்லெட்டுகளை வைத்து, அழைத்து முகம் காட்டுங்கள், கையசையுங்கள், ஆனால் கத்தாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். வீட்டுக்குள் அடைபட்டிருந்த நமக்கு அது தனிமைக் கதையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

இந்த மீனின் இடத்தைப் பார்த்தால் கதை வேறு. செங்கடல் தொடங்கி மாலத்தீவு வழியாகப் பசிபிக் தீவுகள் வரை, பவளப்பாறைகளை அடுத்த மணல் சரிவுகளில், ஏறத்தாழ 7 முதல் 45 மீட்டர் ஆழத்தில் வாழ்கிறது. ஒளிந்துகொள்ளப் பாறை இடுக்கு இல்லாத வெட்டவெளி அது. ஆகவே வளையைத் தானே தோண்டுகிறது, அதுவும் வால் முன்னே போக. வால்பகுதித் தோலில் சுரக்கும் பசை மணலை இறுக்கிச் சுவராக்குகிறது. சுமார் 40 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்ட உடலில் பெரும்பகுதியை வெளியே நீட்டி, நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்து, மிதந்து வரும் நுண்ணிய விலங்குகளைக் கொத்தும். கூட்டமாக அசையும்போது காற்றில் ஆடும் நாற்றங்கால் போல இருக்கும். நீரோட்டம் வலுத்தால் உடலை வளைத்துக்கொண்டு வளைக்குள் இறங்கும்; நிமிர்ந்து நின்றால் நீர் தள்ளும் விசை அதிகம் அல்லவா? ஜப்பானின் ஒகினாவா ஆய்வாளர்கள் தொட்டிக்குள் செயற்கை நீரோட்டத்தை உண்டாக்கி 2022-இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

பெரிய கண்கள் இரைக்கும் பயன்படுகின்றன, எச்சரிக்கைக்கும் பயன்படுகின்றன. பெரிய உருவம் எது நெருங்கினாலும் உள்ளே போய்விடும்; ஆபத்தா இல்லையா என்று நின்று ஆராய்வதில்லை. இணை சேரக்கூட வளையை முழுவதும் விடுவதில்லை, பக்கத்து வளைக்காரியை நோக்கி உடலை நீட்டிப் பின்னிக்கொள்ளும்! முட்டைகள் மட்டும் நீரோடு போகும். கடலடிப் படக்காரர்கள் சிலர் கேமராவை மணலில் விட்டுவிட்டு விலகிப் போய்விடுகிறார்கள். ஆள் போன பிறகுதான் தலைகள் மேலே வரும்.

ஆஸ்திரியக் கடலடி ஆய்வாளர் ஹான்ஸ் ஹாஸின் ‘க்ஸாரிஃபா’ கப்பல் 1957-58-இல் இந்தியப் பெருங்கடலில் மேற்கொண்ட பயணத்தை ஒட்டி, 1959-இல் இந்த இனம் விவரிக்கப்பட்டது. ‘ஹெட்டரோகாங்கர் ஹாஸி’ என்ற அதன் அறிவியல் பெயரின் பின்பாதி அவரைக் குறிப்பது.

ஆக, கண்ணாடிக்கு அப்பால் தினமும் கூட்டம் நின்றும் எதுவும் நடக்காததால், நம்மைப் பொருட்படுத்தாமல் இருக்க அவை பழகியிருந்தன. கூட்டம் போனதும் அந்தப் பழக்கம் போய், கடலில் எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிட்டன. அதில் எனக்குச் சோகம் தெரியவில்லை. முகம் காட்டச் சொன்னது பாசத்தைப் புதுப்பிக்க அல்ல, பயத்தை மறுபடி மழுங்கடிக்க.

மாணவிக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். பெரியவர்கள் பலரும் அப்போது அந்தச் செய்தியை அப்படித்தான் படித்தார்கள்.