யாழ்ப்பாணத்துப் பாரம்பரியத்தில் மூன்றாம் பாலினத்தவருக்கு இடம் இருந்ததா?

தென்னாசியச் சமூகங்களில் மூன்றாம் பாலினத்தவருக்குப் பழங்காலம் தொட்டே மதிப்பான இடம் இருந்தது என்கிறார்களே, அப்படியென்றால் யாழ்ப்பாணத்தில் ஏன் அவர்களைக் காண முடிவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் வெளிநாட்டில் வளர்ந்து, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வந்துபோகிறவர் என்று நினைக்கிறேன். பிழையென்றால் மன்னியுங்கள். ஆனால் காண முடிவதில்லை என்பதை என்னால் ஏற்க முடியாது. என் மூத்த அக்கா திருநங்கை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கும்போது நீங்கள் அவரைத் தாண்டிப் போயிருக்கவும் கூடும்.

நூல்களில் இடம் இருந்தது உண்மை. தொல்காப்பியம் ஆண்மை திரிந்தவர்களை உயர்திணையில் வைத்துத்தான் இலக்கணம் சொல்கிறது. ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவரைப் பெண்பாலாகவே கொள்ளலாம் என்கிறது நன்னூல். மேடைகளில் இதை எடுத்துச் சொல்கிறவர்கள், அதே சூத்திரம் ‘அஃறிணை போலவும் வரும்’ என்று முடிவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மகாபாரதத்திலும் அப்படித்தான். அர்ச்சுனன் பேடியாக உருமாறிய பிருகன்னளை விராடனின் அரண்மனையில் உத்தரைக்கு ஆடல் கற்றுக் கொடுத்தாள், மரியாதையோடு இருந்தாள். ஆனால் சிகண்டி ஆணாக மாறிய பிறகும் பீஷ்மர் ஏற்கவில்லை. பெண்ணாகப் பிறந்தவர் என்று சொல்லித்தானே எதிர்த்துப் போரிட மறுத்தார்? இரண்டும் எங்கள் மரபுதான். ஒன்றை மட்டும் காட்டிப் பெருமைப்படுவது எனக்குப் பிடிக்காது.

வட இந்தியாவில் ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கைகளுக்கு ஒரு வேலையும் ஓர் அமைப்பும் இருந்தன. பிள்ளை பிறந்த வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்ப் பாடி ஆடி வாழ்த்துவார்கள்; குரு, சேலா (சீடர்) என்று தங்களுக்குள் ஒரு குடும்பமும் உண்டு. பிரித்தானியர் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் அவர்களையும் பொலிஸ் பதிவேட்டில் ஏற்றியது. தமிழ்நாட்டில் கூவாகம் திருவிழா இருக்கிறது, சித்திரையில் திருநங்கைகள் பாரதப் போரில் பலியான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இப்படி எதையும் நான் கண்டதில்லை. இங்கே அந்த 1871ஆம் ஆண்டுச் சட்டம் வரவில்லை, ஆனால் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை வந்தது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கான அதன் 399ஆம் பிரிவைத் திருநங்கைகள் மீதும் பொலிஸார் பாவித்திருக்கிறார்கள்.

அப்போ யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கு இடம் என்பது என்ன? என்னைக் கேட்டால் காணி, வீடு, செத்தவீடு. 1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தபோது, சொத்தை முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடியது) என்று எழுதிவைத்தார்கள். மகன், மகள் என்ற இரண்டு வரிசையில் ஒன்றில் நின்றால்தான் காணியும் வரும், கல்யாணப் பேச்சும் வரும். இரண்டிலும் நிற்காதவர் குடும்பத்தின் பின்னறையில் இருப்பார், இல்லாவிட்டால் கொழும்புக்கோ இந்தியாவுக்கோ போய்விடுவார். வீதியில் குறைவாகக் கண்டிருந்தீர்களென்றால் காரணம் இதுதான்.

எங்கள் அப்பா செத்தபோது இதை நான் கண்ணால் கண்டேன். சலரோகத்தில் ஒரு கால் எடுத்த பிறகு அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊசி போட்டு, இரவில் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தது அக்கா. அவர் வீட்டில் இருக்கிறார் என்பதற்காகவே எங்கள் படலையை மிதிக்காமல் இருந்த சொந்தக்காரர் பலர். அப்பா போன அன்று எல்லோரும் வந்தார்கள். வந்து கேட்ட முதல் கேள்வி, ‘மூத்தவன் எங்கே?’ என்பது. தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டுமாம். முடியை வெட்டிக்கொண்டு வேட்டியோடு வந்து நிற்கச் சொன்னார் சித்தப்பா. கனடாவிலிருந்து பெரியப்பா மரண அறிவித்தல் எழுதி அனுப்பினார். ‘ஆகியோரின் பாசமிகு தந்தையும்’ என்ற வரியில் அக்காவின் பழைய ஆண் பெயர் இருந்தது. அத்தனை காலமும் அந்தப் பெயருக்கு ஒரு கல்யாணக் கடிதம்கூட அவர்கள் அனுப்பியதில்லை.

அக்கா அழவில்லை, கத்தவுமில்லை. “அப்பாவை மகளாத்தான் பாத்தனான், மகளாத்தான் வாய்க்கரிசி போடுவன். கொள்ளியைத் தம்பி வைக்கட்டும்” என்றார். சித்தப்பா குருக்களிடம் முறையிடப் போனார். குருக்கள் வயதான மனிதர், எங்கள் வீட்டை நன்றாகத் தெரிந்தவர். கொள்ளி வைக்க ஒரு ஆண்பிள்ளை நிற்கிறான்தானே என்று சொல்லிவிட்டுத் தர்ப்பையை எடுத்தார். வாய்க்கரிசிக்குப் பெண்கள் வரிசையாக வந்தபோது குஞ்சியம்மா அக்காவின் கையைப் பிடித்து, “இங்கால வா பிள்ளை, எனக்கு முன்னால நில்” என்று இழுத்து விட்டார். சித்தப்பா கோம்பயன்மணல் மயானத்துக்கு வரவில்லை. அறிவித்தலை நான் திருத்தி, அக்காவின் இப்போதைய பெயரை முதலில் போட்டுப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். அதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

சைவக் கிரியையை மாற்றிவிட்டோம் என்று கீழே யாரும் எழுத வேண்டாம். எதையும் மாற்றவில்லை. சுண்ணம் இடித்தோம், திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணம் பாடினோம், பெண்கள் படலையோடு நின்றார்கள், அக்காவும் அவர்களோடு நின்றார். கீரிமலையில் செத்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையையும் முறைப்படி முடித்தோம். வெளிநாட்டுக் காசுக்காக இப்படி எழுதுகிறார்கள் என்று சொல்வோரும் உண்டு. எங்களுக்கு எவரும் ஒரு சதம் தந்ததில்லை. இப்போது சில ஆண்டுகளாக யாழ் நகரில் வானவில் கொடியோடு நடக்கிறார்கள், நல்ல விடயம்தான். ஆனால் எங்கள் வீட்டுச் சண்டை அதற்கு முன்பே தொடங்கியது, வீட்டுக்குள்ளேயே நடந்தது.

இதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா காணியை எழுதித் தருமுன் அக்கா நகரில் ஒரு அறை வாடகைக்குத் தேடினார். எங்கள் ஒழுங்கையிலேயே பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர் லண்டனில், பாரிசில். திருவிழாவுக்கு வந்து ரைல்ஸைக் கழுவிவிட்டுத் திரும்பப் பூட்டுகிறார்கள். மதிலில் கமரா, கிணற்றுக்கு மூடி, மாமரத்துக்குக் கீழே அழுகிய பழம். அக்காவுக்கு மட்டுமில்லை, புதிதாகக் கல்யாணம் செய்த பிள்ளைகளுக்கும் தர மாட்டார்கள். திறந்திருக்கிற ஒன்றிரண்டு வீட்டுக்கும் வாடகையைப் பிரித்தானியப் பவுணில் கணக்குப் பார்க்கிறார்கள். மாதச் சம்பளக்காரன் எங்கே போவான்? உங்கள் வீடும் அப்படிப் பூட்டிக் கிடந்தால், தயவுசெய்து ஒரு குடும்பத்தை இருத்துங்கள்.

உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருப்பதால்தான் கேட்கிறீர்களோ தெரியாது. இருந்தால், பாரம்பரியத்தைத் தேடுவதை விட்டுவிட்டுக் கடதாசியைச் சரிசெய்ய உதவுங்கள். இலங்கையில் மூன்றாம் பால் என்று தனிப் பதிவு கிடையாது, ஆணோ பெண்ணோதான். ஆனால் 2016இல் வந்த சுற்றறிக்கைகளின்படி மனநல வைத்திய நிபுணரிடம் போய்ப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, அதைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தலாம். அடையாள அட்டை அதற்குப் பிறகுதான். எங்கள் அடையாள அட்டை இலக்கத்திலேயே பால் இருக்கிறது. பிறந்தது ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண் அதில் வரும், பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். அதனால் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, இலக்கமே மாற வேண்டும். இதை ஒரு கந்தோரில் விளங்கப்படுத்த அக்கா பட்ட பாடு பெரிது. முன்னால் இருந்தவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார்.

கடைசியாகக் காணி உறுதி. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே, திருத்திய பெயரிலும் புதிய இலக்கத்திலும் நன்கொடை உறுதி முடிப்பியுங்கள். பழைய பெயரில் முடித்தால் பிறகு ஒவ்வொரு இடத்திலும் அதே ஆள்தான் இவர் என்று சத்தியக் கடதாசி கொடுத்துக்கொண்டே திரிய வேண்டும். அப்பா நொத்தாரிசை வீட்டுக்கே கூப்பிட்டு, கட்டிலில் இருந்தபடி அக்காவின் பங்கை எழுதினார். அதனால்தான் சித்தப்பா அன்றைக்கு எவ்வளவு கோபப்பட்டாலும் அக்காவை வளவை விட்டுப் போகச் சொல்ல முடியவில்லை.