நாரோபோட்டில் ஒரு நாள்: பாதி வாடகைப் படகை எடுக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் வசிக்கிறோம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு சேர்த்து 8 பேர். கிராண்ட் யூனியன் கால்வாயில் ஒரு நாள் நாரோபோட் என்ற குறுகலான நீண்ட படகை ஓட்ட ஆசை. என்னிடம் கார் லைசென்ஸ்தான் இருக்கிறது. படகை ஏற்றி இறக்கும் லாக் என்ற கதவுத் தொட்டியைத் திறந்து மூடும் வேலையை நினைத்தாலே பயம். தன் சொந்தப் படகைப் பாதி வாடகைக்குத் தருவதாக ஒருவர் இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். எடுக்கலாமா? ஒரு நாளில் எவ்வளவு தூரம் போய் வரலாம்?

பதில்: முதலில் அந்தப் பாதி வாடகைப் படகை மறந்துவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு படகை வாடகைக்கு விடக் கூடாது. அதற்குத் தனியாக வணிக உரிமமும் அதற்கேற்ற காப்பீடும் வேண்டும். காப்பீடு செல்லாத படகில் அப்பா கால் தவறி விழுந்தால் செலவு முழுக்க உங்கள் தலையில்தான். நடுவில் ஏஜெண்ட் யாராவது இருந்தால் அவரும் கமிஷனை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார். யாரிடம் எடுத்தாலும் முன்பணம் கட்டும் முன்பே வணிக உரிமம் இருக்கிறதா, படகு இடித்தால் நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டும், மதியம் எஞ்சின் நின்றால் யாருக்குப் போன் போடுவது என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். வாடகைப் படகை ஓட்ட லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. 'சர்டிபிகேட் இல்லாமல் ஓட்ட முடியாது' என்று வகுப்பு விற்க வருபவரையும் அனுப்பிவிடுங்கள்.

இனி தூரம். கால்வாயில் உச்ச வேகம் மணிக்கு 4 மைல். கட்டிப்போட்ட படகுகளைக் கடக்கும்போதெல்லாம் வேகத்தை நன்றாகக் குறைக்க வேண்டும் என்பதால் 3 மைல் கிடைத்தாலே பெரிது. காலை 10 மணிக்குச் சாவி, மாலை 5 மணிக்குத் திரும்ப வேண்டும் என்றால், சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் போக 3 மணி நேரம், வர 3 மணி நேரம். அதாவது போக 7, 8 மைல், அவ்வளவுதான். நினைத்த இடத்தில் திருப்பவும் முடியாது. விண்டிங் ஹோல் என்ற அகலமான இடங்களில்தான் திருப்ப வேண்டும். உங்கள் படகின் நீளத்துக்கு எது போதும் என்று கிளம்பும்போதே வரைபடத்தில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பகுதியில் ஒரு வசதி உண்டு. ஃபென்னி ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து காஸ்க்ரோவ் வரை சுமார் 11 மைலுக்கு ஒரு லாக்கும் கிடையாது. காஸ்க்ரோவுக்குச் சற்று முன்னால், கிரேட் ஊஸ் ஆற்றின் மேல் 1811-இல் திறந்த இரும்புப் பாலத் தொட்டி வழியாகப் படகு போகும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடம். அங்கே எல்லாரும் உள்ளேயே இருக்கட்டும். முழுத் தூரத்தையும் ஒரே நாளில் போய் வரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

லாக்கே வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரே விலக்கு ஃபென்னி லாக். மற்றவை பல அடி ஏற்றி இறக்கும், இது ஒரு அடி சொச்சம்தான். பயம் தெளிய நல்ல இடம். ஆனால் அதன் குறுக்கே ஒரு சுழல் பாலம் இருக்கிறது. அதைத் திறக்காமல் படகை உள்ளே விடாதீர்கள். முடிந்ததும் மூட மறக்காதீர்கள், நடந்து போகிறவர்கள் காத்திருப்பார்கள். லாக்கில் தண்ணீரை விடும் மதகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். இதெல்லாம் ஃபென்னி பக்கத்திலேயே படகு எடுத்தால் மட்டும். தொலைவிலிருந்து இதற்காகவே வர வேண்டாம்.

டில்லரை, அதாவது படகைத் திருப்பும் கைப்பிடியை, வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்த வேண்டும். இடிக்கப் போகிறதே என்று காலையோ கையையோ நீட்டாதீர்கள், படகு பல டன் எடை. பல டன் இரும்பைப் புதியவர் கையில் கொடுப்பதற்குக் கொஞ்ச நேரச் செயல்விளக்கம் போதும் என்று இந்த நாட்டில் விட்டுவைத்திருப்பது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை. படகு தருபவர் அவசரப்படுத்தினாலும் நீங்களே ஓட்டிப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.

முந்தின நாள் மாலை கால்வாய்களைப் பராமரிக்கும் கேனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் அறிவிப்புகளையும் பாருங்கள். 2025 கோடையில் தண்ணீர் இல்லாமல் பல கால்வாய்களில் படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 200 வருஷக் கால்வாய்களின் கதவுகளையும் கரைகளையும் பராமரிக்கப் பணம் போதாத அமைப்புக்கு, 2027 முதல் அரசு மானியத்தையும் படிப்படியாகக் குறைக்கப்போகிறது!

தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியில் பிளாஸ்டிக் பையோ துணியோ சுற்றிக்கொண்டால் எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்த பிறகே, விசிறிக்கு மேலே இருக்கும் பின்பக்க மூடியைத் திறக்க வேண்டும். சரியாக மூடாமல் எஞ்சினைப் போட்டால் அந்த வழியாகத் தண்ணீர் ஏறிப் படகே மூழ்கிவிடும். சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள், கரையில் கட்டிவிட்டு நிறுவனத்துக்குப் போன் போடுங்கள்.