20 கேஜை மாற்ற வேண்டாம், தம்பி

கனடாவின் தண்டர் பேக்கு வந்து உரிமம், வேட்டைப் பயிற்சி எல்லாம் முடித்து, லேசான 20 கேஜ் ஷாட்கன் (கேஜ் என்பது குழலின் அகல அளவு, எண் குறைந்தால் குழல் அகலம்) வாங்கியும் ஒரு கிரௌஸ் பறவை (காட்டுக்கோழி மாதிரி) கூட விழவில்லை, பேசாமல் 12 கேஜுக்கு மாறிவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. ஆஸ்பென் காட்டில் நாள் முழுக்க நடப்பதற்கு இரண்டே முக்கால் கிலோ துப்பாக்கி ஒரு வரம். குறி தப்புவதற்குக் காரணம் கேஜ் இல்லை.

லேசான துப்பாக்கி சட்டென்று தோளுக்கு வரும். அதே வேகத்தில் நின்றும் போகும். பாரமான ஊஞ்சல் ஒரு தடவை தள்ளினால் தானே போகும், லேசானதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விசையை இழுக்கும் நொடியில் கை நின்றால் ரவையெல்லாம் பறவைக்குப் பின்னால்தான் போகும். முன்னால் பிடிக்கும் கையைச் சற்று நீட்டிப் பிடித்து, அந்தக் கையாலேயே குழலை ஓட்டுங்கள். கண் பறவையின் தலையில் இருக்கட்டும். குழல் நுனி மணியைப் பார்த்தீர்களோ, கை நின்றுவிடும். வெடித்த பிறகும் குழல் ஓட வேண்டும்.

இதை வீட்டிலேயே பழகலாம். தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, துப்பாக்கி காலியா என்று விரல் விட்டும் பாருங்கள். சுவரும் கூரையும் சேரும் கோட்டில் குழல் நுனியை மூலைக்கு மூலை ஓட்டியபடியே தூக்குங்கள். முகம் குனிந்து துப்பாக்கியின் பின்கட்டையைத் தேடக் கூடாது. கட்டைதான் கன்னத்துக்கு வர வேண்டும், தோள் அப்புறம். அக்டோபரில் போடும் தடித்த ஜாக்கெட்டோடு பழகுங்கள். டி-ஷர்ட்டில் அழகாக ஏறிய கட்டை ஜாக்கெட்டின் அக்குளில் மாட்டும். மாட்டினால் கட்டையின் நீளத்தைக் குறைத்துத் தரச் சொல்லித் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

கோடையில் ஸ்கீட் (எறியப்படும் களிமண் தட்டைப் பறக்கும்போதே சுடும் பயிற்சி) போங்கள், ஒரு சுற்றுக்கு 25 தட்டு. பலரும் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டுதான் தட்டு கேட்பார்கள். நீங்கள் இடுப்பளவில் இறக்கி வைத்துத் தொடங்குங்கள், காட்டில் அப்படித்தானே. சுடுபவர் நிற்கும் இடங்களில் 7-ஆம் நிலையில், தாழ்ந்த வீட்டிலிருந்து (தட்டு எறியும் இரண்டு கூண்டுகளில் தாழ்வானது) வரும் தட்டு நேராக விலகிப் போகும். அதில் ஆரம்பித்தால் நம்பிக்கை வரும். தோட்டாவில் 7/8 அவுன்ஸ் ரவை போதும். மூன்று அங்குல மேக்னம் (ரவை கூடுதலான நீளத் தோட்டா) உதைக்கிற உதையில், அடுத்த தடவை வெடிக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும்.

நண்பரின் 12 கேஜையும் சுட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். சரி, ஆனால் அன்றைக்கு உங்கள் 20 கேஜ் தோட்டா ஒன்றுகூடப் பையில் இருக்கக் கூடாது. அது 12 கேஜ் குழலுக்குள் நழுவி, தோட்டா இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் மாட்டிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் காலியாகத் தெரியும். அதற்குப் பின்னால் 12-ஐப் போட்டு வெடித்தால் குழல் கையிலேயே பிளக்கும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சளில் செய்வதே இதற்காகத்தான்.