ராஜினாமா செய்தார், போகவில்லை

கேள்வி: ஜப்பானில் ஒரு தலைவர்மேல் ஊழல் புகார் வந்தால் மறுநாளே தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டு, ராஜினாமா செய்துவிட்டு, அரசியலை விட்டே ஒதுங்கிவிடுகிறாராம். வாட்ஸ்அப்பில் படித்தேன். நம் ஊரில் அந்த வெட்கம் ஏன் இல்லை?
(வாசகர் ஒருவர், விருத்தாசலம்)

பதில்: தலைகுனிவது சரி. ராஜினாமாவும் சரி. மூன்றாவதாக 'ஒதுங்கிவிடுகிறார்' என்று ஒன்று சொன்னீர்களே, அது வாட்ஸ்அப் ஜப்பானில் மட்டும் நடப்பது. நிஜ ஜப்பானில் ககுயெய் தனாகா என்று ஒரு பிரதமர் இருந்தார். பணப் புகாரில் சிக்கி 1974 டிசம்பரில் பதவி விலகினார். அதற்கப்புறமும் மூன்று பேர் பிரதமரானதைத் தீர்மானித்தது அவர்தான்.

ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1918-ல் நிகாட்டா மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அப்பா மாடு, குதிரை வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர். பையனுக்குத் திக்குவாய். பாட்டுக்கதைகளை உரக்கப் பாடிப் பாடியே அதைப் போக்கிக்கொண்டார் என்பார்கள். கல்லூரி வாசலை மிதிக்காமல் டோக்கியோ போய், கட்டட வேலையில் கால் ஊன்றி, சொந்தமாகக் கம்பெனி வைத்தார். 1947-ல் எம்.பி. அடுத்த வருஷமே நிலக்கரிச் சுரங்க லஞ்ச வழக்கில் கைது. அந்த வழக்கு நடக்கும்போதே 1949 தேர்தலில் நின்று ஜெயித்தார்! பிறகு விடுதலையும் ஆனார். வழக்கும் வெற்றியும் அப்போதே ஜோடி சேர்ந்துவிட்டன.

டோக்கியோ பல்கலைக்கழகப் பட்டதாரிகள் கோலோச்சிய நிதி அமைச்சகத்துக்கு 44 வயதில் அமைச்சரானார். அதிகாரிகள் பெயர், அவர்கள் எந்த வருஷத்து பேட்ச் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். 'கம்ப்யூட்டர் பொருத்திய புல்டோசர்' என்று பட்டப்பெயர். 1972 ஜூலையில் 54 வயதில் பிரதமர். செப்டம்பரில் பெய்ஜிங் போய் மாவோவைச் சந்தித்து, சீனாவுடன் ராஜீய உறவை ஏற்படுத்திவிட்டுத் திரும்பினார். அந்தப் பயணத்தில் ஒரு விருந்துப் பேச்சில், போர்க்காலத்தில் சீனாவுக்கு ஜப்பான் செய்ததை அவர் ஒரு சொல்லால் குறிப்பிட, அது சீன மொழியில் 'சின்னத் தொந்தரவு' என்ற அர்த்தத்தில் போய் விழுந்தது. சீனப் பிரதமர் சூ என்லாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு பேசிச் சரிசெய்தார்கள். சீனா இரண்டு பாண்டாக்களை அனுப்ப, டோக்கியோ உவேனோ மிருகக்காட்சிசாலையில் கூட்டம் அலைமோதியது.

இன்னொரு பக்கம், நாடு முழுவதையும் புல்லட் ரயிலாலும் நெடுஞ்சாலையாலும் கோத்துவிடப் போவதாக அவர் அறிவித்த திட்டத்தால் நிலத்தின் விலை எகிறியது. 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அடுத்த வருஷம் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 'பைத்தியம் பிடித்த விலைவாசி' என்றே அங்கே பெயர்.

அவரைக் கவிழ்த்தது ஒரு பத்திரிகை. (எங்கள் தொழில் என்பதால் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறேன்.) 1974 அக்டோபரில் 'புங்கெய் ஷுன்ஜு' மாத இதழில் தகாஷி தச்சிபானா எழுதிய கட்டுரை வந்தது. ரகசிய ஒட்டுக்கேட்பு எதுவும் கிடையாது. நிலப் பதிவேடுகளையும் கம்பெனிப் பதிவுகளையும் உட்கார்ந்து படித்து, காகிதக் கம்பெனிகள் வழியே பிரதமருக்கு நிலம் எப்படிச் சேர்ந்தது என்று வரைந்து காட்டினார்கள். ஷினானோ ஆற்றுப்படுகை நிலத்தை அவருக்கு வேண்டிய கம்பெனி மலிவாக வாங்கும், பின்னாலேயே அரசாங்கம் கரை கட்டும், விலை பல மடங்காகும். பெரிய நாளிதழ்கள் முதலில் வாயே திறக்கவில்லை. வெளிநாட்டு நிருபர்கள் ஒரு மதிய விருந்தில் பிரதமரை நேருக்கு நேர் கேட்டுக் குடைந்த பிறகுதான் அவர்களுக்கும் பேனா நகர்ந்தது.

அப்புறம் லாக்ஹீட் என்ற அமெரிக்க விமானத் தயாரிப்புக் கம்பெனியின் லஞ்ச விவகாரம். 1976-ல் அமெரிக்க செனட் விசாரணையில் விஷயம் வெடித்தது. ஜப்பானிய விமானக் கம்பெனி ஒன்று லாக்ஹீடின் டிரைஸ்டார் விமானம் வாங்குவதற்காக, மாருபெனி வர்த்தக நிறுவனம் வழியாகத் தனாகாவுக்கு 50 கோடி யென். அட்டைப்பெட்டிகளில் நான்கு தவணையாகக் கைமாறியது. அதற்கு ரசீதும் உண்டு! 'வேர்க்கடலை நூறு பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு சீட்டு. ஒரு கடலை என்றால் பத்து லட்சம் யென். லஞ்சத்துக்குச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஒழுங்கை வேண்டுமானால் ஜப்பானிடம் வியக்கலாம்.

ஜூலை 27 அன்று கைது. கட்சியிலிருந்து விலகினார். டிசம்பர் தேர்தலில் சுயேச்சையாக நின்று 1,68,000-க்கு மேல் ஓட்டு வாங்கித் தொகுதியில் முதலிடம். கட்சியில் உறுப்பினராகக்கூட இல்லாத அவர் கையில்தான் ஆளும் லிபரல் டெமாக்ரடிக் கட்சியின் மிகப் பெரிய கோஷ்டி இருந்தது. ஓஹிரா, சுசுகி, நகசோனே என்று வரிசையாகப் பிரதமர்கள் அவர் தயவில் வந்தார்கள். நகசோனே ஆட்சியைப் பத்திரிகைகள் 'தனாகசோனே' என்றே எழுதின.

1983 அக்டோபர் 12-ல் தீர்ப்பு: நான்கு வருஷச் சிறை, லஞ்சப் பணம் 50 கோடி யென்னைக் கட்ட உத்தரவு. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்தார். இரண்டே மாதத்தில் பொதுத்தேர்தல். நாட்டில் ஆளுங்கட்சி அடி வாங்கிப் பெரும்பான்மை இழந்தது. நிகாட்டா மூன்றாவது தொகுதியில் மட்டும் தனாகாவுக்கு 2,20,761 ஓட்டு, அவர் வாழ்நாளிலேயே அதிகம். தனாகாவின் அரசியல் செல்வாக்கை அறவே நீக்குவேன் என்று நகசோனே அறிக்கை விட்டார். புது அமைச்சரவையிலும் தனாகா ஆட்கள் இருந்தார்கள்.

ஆக, வெட்கம் எங்கே போயிற்று? பனிக்கு அடியில் போயிற்று. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் காற்று ஜப்பான் கடல் ஈரத்தை அள்ளிவந்து மலையில் முட்டி, முழுப் பனியையும் நிகாட்டா பக்கம் கொட்டிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் டோக்கியோவில் பளீரென்று வெயில். நிகாட்டாவில் ஆள் உயரத்துக்கு மேல் பனி. கூரையேறிச் சரித்துத் தள்ளாவிட்டால் வீடு அமுங்கிவிடும். ஆண்கள் குளிர்காலத்துக்குக் கூலி வேலை தேடி டோக்கியோ போய்விடுவார்கள். 'பின்பக்க ஜப்பான்' என்று பெயர் வேறு. 'அந்த மலையை வெட்டித் தள்ளிவிட்டால் பனி நம் பக்கம் விழாது, வெட்டிய மண்ணைக் கடலில் கொட்டினால் சாதோ தீவு நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும்' என்ற பாணியில் ஆரம்ப நாளில் மேடையில் பேசியவர் தனாகா. மலையை வெட்டவில்லை, குடைந்தார். 1982-ல் ஜோயெட்சு புல்லட் ரயில் மலைக்கடியில் நிகாட்டாவுக்கு வந்தது. சியோதானி என்ற சுமார் 60 வீட்டுக் கிராமத்துக்கு ஒரு சுரங்கப்பாதை. டோக்கியோ பத்திரிகைகளுக்கு அது வீண்செலவுக்கு உதாரணம். பனிக்காலத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு மலை தாண்டியவர்களுக்கு அது என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக அவரை நல்லவராக்கிவிட மாட்டேன். சாலை போட்ட அதே கைதான் சாலையோரத்து நிலத்தையும் வளைத்தது. ஒப்பந்தக்காரருக்கு வேலை, அவரிடமிருந்து ஓட்டும் நன்கொடையும், அதிலிருந்து கோஷ்டிக்குத் தீனி, கோஷ்டி பலத்தால் மேலும் வேலை என்று அவர் ஓட்டிய செக்கு, அவர் போன பிறகும் நிற்கவில்லை.

அவரைக் கோர்ட்டாலும் தேர்தலாலும் வீழ்த்த முடியவில்லை. கூட இருந்த நோபொரு தகேஷிதாவே 1985-ல் கோஷ்டிக்குள் தனிக் குழு கட்டினார். அந்த வருஷம் பிப்ரவரியில் தனாகாவுக்குப் பக்கவாதம், பேச்சு போயிற்று. 1986 தேர்தலில் ஒரு கூட்டத்துக்குக்கூட வராமல் மறுபடி ஜெயித்தார். மேல்முறையீடு முடியாமலே 1993 டிசம்பரில் இறந்ததால் தண்டனை கடைசிவரை உறுதியாகவில்லை.

நிகாட்டா போகும் புல்லட் ரயிலில் உராசா என்று ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன். வெளியே கையை உயர்த்தியபடி தனாகா சிலை. அதற்கு மேல் ஒரு கூரையும் போட்டிருக்கிறார்கள், அவர் தலையில் பனி விழாமல்.