புற்றுக் காளானும் உங்கள் பயமும்
தம்பி, அழகர்கோவில் பக்கம் மழை விட்டதும் மாமியார் காளான் பறித்து வருகிறார், பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயம், மறுத்தால் வருந்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவருடையது வீம்பு அல்ல. புற்றுக் காளான் கரையான் வளர்க்கும் பயிர். ஆண்டில் சில நாட்கள்தான் கிடைக்கும். கறிக்கு நிகரான அந்த ருசிக்காக என் அம்மாவும் விடியுமுன் ஓடுவார்.

அதன் தண்டு வேர்போல நீண்டு புற்றுக்குள் இறங்கும். புல்தரையில் முளைக்கும் ஒரு வெள்ளைக் குடைக்குத் தண்டில் வளையம் இருக்கும், முற்றினால் அடிமடிப்பு பச்சையாகும். தின்றால் கடும் வாந்தி. மஞ்சளோ வெள்ளிக் கரண்டியோ நிறம் மாறினால்தான் நஞ்சு என்னும் சோதனைகளை நம்பவே நம்பாதீர்கள். சில காளான்களின் கொடிய நஞ்சு கொதித்தாலும் போகாது. அதன் அறிகுறி, தின்ற 6 மணி நேரத்துக்குப் பிறகுகூடத் தெரியவரும்.

அடுத்த மழைக்கு மாமியாருடன் நீங்களும் போங்கள். அவருக்கே சிறு சந்தேகம் இருந்தாலும் அந்தக் காளான் வீட்டுக்குள் வர வேண்டாம்.